ஆள் மாறும் ஜமா, ஆடப்படாத கூத்து

ஒரு தெருக்கூத்து ஜமாவின் பெயர் இரண்டு தலைமுறைக்கு மேல் ஒரு வட்டாரத்தில் வழங்கிவரும். முதல் ஆண்டில் களரி என்னும் ஆடுகளத்தில் ஏறியவர்களில் ஒருவர்கூட இன்று அதில் இருக்கமாட்டார். வாத்தியார் மாறியிருப்பார், கட்டியங்காரன் மாறியிருப்பார், மத்தளக்காரர் வேறொரு ஜமாவுக்குப் போயிருப்பார். இருந்தும் ஊர்க்காரர்கள் அதே பெயரைச் சொல்லித்தான் தாம்பூலம் கொடுத்து ஆட்டத்துக்கு அழைப்பார்கள். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், திருக்கோவிலூர், உளுந்தூர்பேட்டைப் பக்கங்களில் கூத்து இப்படித்தான் நடந்துவந்திருக்கிறது. தென்னார்க்காடாக இருந்து, 1993-இல் விழுப்புரமாகி, 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று பெயர் பெற்ற மண் இது. இங்கே கூத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை ஒன்று உண்டு: பழைய ஆட்கள் போய்விட்டார்கள், அதோடு கூத்தும் போயிற்று என்பது. இந்தக் கணிப்பு தவறு என்பது என் வாதம். ஆள் மாறுவதைத் தாங்கும்படியாகவே கூத்து கட்டப்பட்டிருக்கிறது. அதற்கு உண்மையில் நேர்ந்த இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. ஆடப்படும் கூத்துகளின் பட்டியல் சுருங்கிப்போனதே அந்த இழப்பு.

இந்த வட்டாரத்துக்குப் பாரதத்தோடு உள்ள உறவு மிகப் பழையது. திருநாவலூரை உள்ளடக்கிய பழைய திருமுனைப்பாடி நாட்டில்தான் வில்லிபுத்தூரார் பிறந்தார். அவரை ஆதரித்துப் பாரதம் பாடவைத்த வக்கபாகை வரபதி ஆட்கொண்டானும் இந்த நாட்டுத் தலைவன்தான். போர் முடிவோடு நின்றுவிடும் அந்தப் பத்துப் பருவங்களே இன்றும் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் படித்துப் பொருள் சொல்லப்படுகின்றன. அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் காலத்துப் பெருந்தேவனாரின் பாரத வெண்பா அரவானின் களபலியைச் சொல்லிவிட்டது. வியாசரிடம் இல்லாத அந்தப் பலிதான் உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் கூத்தாண்டவர் திருவிழாவாக எழுகிறது. நாடெங்குமிருந்து வரும் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதை அறுக்கிறார்கள். செஞ்சிப் பகுதியை மையமாக வைத்து ஆல்ஃப் ஹில்டெபைட்டல் எழுதிய திரௌபதி வழிபாட்டு ஆய்வு 1988-இலும் 1991-இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது. பாரதக் கதை இந்த மண்ணில் கோயில், பிரசங்கம், கூத்து, தீமிதி என நான்கு வழிகளில் ஒரே நேரத்தில் வாழ்கிறது என்பதை அந்த நூல் விரிவாகக் காட்டியது. ஆகவே இங்கே கூத்து என்பது கோயில் விழாவின் ஓர் உறுப்பு. அதன் வரலாற்றைத் தனி நடிகர்களின் வரலாறாக மட்டும் எழுத முடியாது.

ஜமாவின் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு வாத்தியார், வேடம் கட்டுபவர்கள், பின்பாட்டுக்காரர்கள், மத்தளம், ஆர்மோனியம், கைத்தாளம், இருந்தால் முகவீணை: பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் அதிகம் போகாத கூட்டம். உடை, கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கும். பெட்டி யாருடையதோ அவர் பெயரிலோ, வாத்தியார் பெயரிலோ, ஊர்ப் பெயரிலோ ஜமா வழங்கும். கல்யாண முருங்கை போன்ற இலேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டிய அந்தக் கட்டைகள் ஆளைவிட நீண்டநாள் உழைப்பவை. ஒரு தலைமுறை துரியோதனன் தோளில் கட்டியதை அடுத்த தலைமுறை துரியோதனன் கட்டுகிறான். ஆட்களோ பருவத்துக்குப் பருவம் நகர்கிறவர்கள். பருவம் தொடங்குமுன் முன்பணம் வாங்கிய ஜமாவில் அந்த ஆண்டு ஆடுவார்கள். அடுத்த ஆண்டு வேறு ஜமா கூடுதலாகக் கொடுத்தால் அங்கே போவார்கள். ஊரூராகப் பரம்பரை உரிமையாக இருந்த ஆட்டம் எப்படிச் சம்பளத்துக்கு ஆடும் குழுக்களின் தொழிலாக மாறியது என்பதை ஹன்னே டி ப்ரூயின் 1999-இல் வெளியான தம் கட்டைக்கூத்து நூலில் எழுதியிருக்கிறார். கூத்தின் வடக்கத்திப் பாணியை வைத்து அவர் சொன்னது பெரும்பாலும் இந்த வட்டாரத்துத் தெற்கத்திப் பாணிக்கும் பொருந்தும். உரிமை தளர்ந்தபோது ஆள் நகர்வு கூடியது. ஆள் நகர்வு கூடியபோது ஒரு வாத்தியாரின் பாட்டும் அடவும் பத்து ஜமாக்களுக்குப் பரவின.

இந்த நகர்வைக் கூத்து எப்படித் தாங்குகிறது என்பதற்கு ஒரு பாத்திரத்தின் நுழைவைக் கிட்டத்தில் பார்த்தால் போதும். களரி கட்டி, கடவுள் வாழ்த்து முடிந்து, கட்டியங்காரன் வந்து சபையைக் கலகலப்பாக்கிய பின் இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். உள்ளே நிற்கும் வேடக்காரர் திரைக்குப் பின்னிருந்தே விருத்தம் பாடுவார். கிரீடத்தின் உச்சி மட்டும் மேலே தெரியும், சலங்கை கீழே கேட்கும். பிறகு திரை விலகும். சிவந்த முகப்பூச்சைப் பார்த்ததுமே வந்திருப்பது துரியோதனன் என்று குழந்தைக்கும் தெரியும். கட்டியங்காரன் அவனை யார், எந்த நாடு, எதற்காக வந்தீர்கள் என்று கேட்பான். அவன் தன் வரலாற்றைத் தானே சொல்வான். அவன் பாடும் தரு என்னும் பாட்டின் ஒவ்வோர் அடியையும் பின்பாட்டுக்காரர்கள் திருப்பிப் பாடுவார்கள். இந்த ஒவ்வொன்றும் புதிதாக வந்த ஆட்டக்காரருக்கு ஒரு பிடி. அடுத்த அடி நினைவுக்கு வரும்வரை பின்பாட்டு அவருக்கு மூச்சுவிட நேரம் தருகிறது. வசனம் தடுமாறினால் கட்டியங்காரனின் கேள்வி அவரைக் கதைக்குள் திருப்பிக் கொண்டுவருகிறது. முகநிறமும் கட்டையும் பாத்திரத்தை அடையாளம் காட்டிவிடுவதால் நடிகரின் முகம் ஊருக்குப் பழகியிருக்க வேண்டியதில்லை. விருத்தமும் தருவும் வசனமுமாகச் சென்னை அச்சகங்கள் மலிவு விலையில் அச்சிட்டுவந்த கூத்துப் புத்தகங்கள் வேறு இருக்கின்றன. பி. இரத்தின நாயக்கர் அண்ட் சன்ஸ் வெளியிட்டவை எத்தனையோ ஜமாக்களின் பெட்டிகளில் கிடந்தவை. முந்தைய நாள் மாலை வந்து சேர்ந்த ஆள் மறுநாள் இரவு வேடம் கட்ட முடிவதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான்.

இதைப் புரிந்துகொள்ள ராக் இசைக் குழுக்களின் வரலாறும் உதவும். 1968-இல் இங்கிலாந்தில் தொடங்கிய டீப் பர்ப்பிள் குழுவின் எல்லா அணிகளிலும் இருந்தவர் டிரம்ஸ் வாசித்த இயன் பெய்ஸ் ஒருவர்தான். 1975-இல் கிதார் கலைஞர் ரிட்சி பிளாக்மோர் விலகி டாமி போலின் வந்தார். அவரோடு வந்த 'கம் டேஸ்ட் த பேண்ட்' என்ற ஆல்பத்தை, 1972-இன் 'மெஷின் ஹெட்' புகழில் மூழ்கியிருந்த ரசிகர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே குழு கலைந்தது. அந்த ஆல்பத்தின் தரம் பல ஆண்டுகள் கழித்தே பேசப்பட்டது. நம் நாட்டில் 1990-இல் டெல்லியில் 'இந்தியன் ஓஷன்' குழுவைத் தொடங்கியவர்கள் சுஷ்மித் சென்னும் அசீம் சக்ரவர்த்தியும். அசீம் 2009-இல் மறைந்தார், சுஷ்மித் 2013-இல் விலகினார். தொடங்கியவர் ஒருவரும் இல்லாமல் குழு இன்றும் மேடை ஏறுகிறது. இருந்தும் அதன் பெயரைச் சொன்னால் 2000-இல் வந்த 'காந்திசா'தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. எங்கும் இதே நிலைதான். ஆள் மாறியதை எல்லாரும் கவனிக்கிறார்கள். புகழ்பெற்ற ஒன்றிரண்டு படைப்புகளின் நிழலில் மற்றவை மங்கிப்போனதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஆல்பம் என்றைக்காவது ஒருவர் எடுத்துக் கேட்கும்படி பதிவாகி இருக்கிறது. ஆடாத கூத்துக்கு அந்த வாய்ப்புக் கிடையாது.

அப்படி மங்கியவை எவை என்று பார்க்க, முழுமையான ஒரு திரௌபதி அம்மன் விழாவின் நிரலைப் பார்க்க வேண்டும். வில் வளைப்பு, சுபத்திரை கல்யாணம், இராஜசூய யாகம், சூது துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, பாஞ்சாலி குறவஞ்சி, கீசக வதம், விராட பருவத்து மாடுபிடி சண்டை, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுகள் தொடரும். கடைசி இரவின் போர் விடியற்காலையில் படுகளத்துக்கு நகரும். மண்ணால் செய்து தரையில் கிடத்திய துரியோதனனின் பேருருவத்தின் மேல் பீமன் தொடையைப் பிளக்க, பாஞ்சாலி கூந்தல் முடிக்க, அன்று மாலை தீமிதி நடக்கும். இந்த நிரலில் இன்று எங்கும் கேட்கப்படுபவை நான்கோ ஐந்தோதான்: துகிலுரிதல், தபசு, அபிமன்யு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். இவை பெரிய கூத்துகள் என்பதில் ஐயமில்லை. உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சையும் விபூதியும் எறியும் அர்ச்சுனனுக்குக் கீழே பிள்ளை வரம் வேண்டி மடியேந்தும் பெண்கள் இருக்கும்வரை அந்தக் கூத்து நிற்கும். கருமாதியை ஒட்டி ஆடப்படும் கர்ண மோட்சமும் அப்படித்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு சடங்குப் பயன் இருக்கிறது; அதுவே அவற்றின் காப்பு.

அந்தக் காப்பு இல்லாதவற்றில்தான் கூத்தின் நுட்பம் அதிகம் என்பது என் கருத்து. பாஞ்சாலி குறவஞ்சியைப் பாருங்கள். காட்டில் இருக்கும் பாஞ்சாலி குறத்தி வேடம் பூண்டு, தன்னை அவமானப்படுத்திய கௌரவர் அரண்மனைக்கே போய், அந்த வீட்டுப் பெண்களுக்குக் குறி சொல்கிறாள். வியாசரிடம் இது இல்லை, தமிழ் மண் சேர்த்தது. வேடம் கட்டிய ஓர் ஆண் பாஞ்சாலியாகி, அந்தப் பாஞ்சாலி குறத்தியாகி, அந்தக் குறத்தி எதிர்காலத்தைச் சொல்லும்போது எதிரியின் சாவையும் தன் சபதத்தையும் ஒரே பாட்டுக்குள் ஒளித்துப் பாட வேண்டும். துகிலுரிதலில் அழுது கதறும் பாஞ்சாலியை மட்டும் பார்த்த ஊர், எதிரியின் முற்றத்திலேயே தலைநிமிர்ந்து நிற்கும் பாஞ்சாலியை இதில்தான் பார்க்க முடியும். பகாசுரன் கூத்தும் குறைவாக மதிப்பிடப்படுவதுதான். வண்டி நிறையச் சோற்றோடு பீமன் தெருத்தெருவாக வரும்போது களரியின் எல்லை அழிந்து ஊரே ஏகசக்கரபுரமாகிவிடும். சிரிப்புக் கூத்து என்று ஒதுக்கப்படும் அதில், அசுரனுக்கு ஆள் அனுப்பும் முறை வந்த வீட்டின் அழுகையும் இருக்கிறது. கிருஷ்ணன் தூதோ முழுக்க முழுக்க வாக்குவாதம். கட்டை வேடத்தின் சுழற்சிக்குக் கைதட்டிப் பழகிய கண்ணுக்கு அது மெதுவாகத் தெரியலாம். ஆனால் வசனத்தில் வாத்தியாரின் படிப்பை அளக்க அதைவிட நல்ல களம் இல்லை. அரவான் களபலியைக் கூவாகம் காப்பாற்றியிருக்கிறது என்று சொல்லலாம். கூவாகத்தில் செய்திக்காரர்களின் கண் திருமணத்தின் மேலும் ஒப்பாரியின் மேலும்தான். மகனைப் பலி கேட்கும் தந்தையின் தரப்பையும், கொடுக்க மறுக்க முடியாத தாயின் தரப்பையும் விவாதமாக விரித்துவைப்பது கூத்துப் பிரதிதான்.

ஆள் மாற்றத்துக்கும் கூத்துகள் மறைவதற்கும் உள்ள உறவை இங்கேதான் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இருபது இரவு ஆடப்படும் கூத்தில் ஆள் மாறினால் வந்தவர் சில இரவுகளிலேயே பழகிவிடுவார். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஆடப்படும் கூத்தில் ஆள் மாறினால், அதைப் பார்த்துக் கற்க இளையவருக்கு இரவே கிடைக்காது. புத்தகத்தில் பாட்டு இருக்கும். எந்த இடத்தில் கிரிக்கி என்னும் சுழற்சியைச் சுற்ற வேண்டும், எந்தத் தருவை எந்த மெட்டில் எடுக்க வேண்டும் என்பது புத்தகத்தில் இராது. ஆகவே கூத்தைக் கொல்வது ஆள் போனது என்று சொல்வது பாதி உண்மைதான். ஆள் போகுமுன் அவருக்கு அந்தக் கூத்தை ஆட இரவு கொடுக்காததே மீதி உண்மை. பத்து இரவு, பதினெட்டு இரவு விழாக்கள் மூன்று இரவாகவும் ஓரிரவாகவும் குறுகியபோது, விழாக் குழுக்கள் இயல்பாகவே சடங்குக்குக் கட்டாயமானதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டன.

இதற்கு ஒரு மறுப்பு எழும். கூத்தைக் காத்தவை ஆள் மாறாத பரம்பரைகள் அல்லவா, புரிசை ஊரின் தம்பிரான் குடும்பம் ஒன்று போதாதா சான்றுக்கு என்று கேட்கலாம். புரிசை பெரும் பரம்பரை. அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. 1970-களில் நடேசத் தம்பிரானின் ஆட்டத்தைப் பார்த்த நாடகாசிரியர் ந. முத்துசாமி, தமிழ் நாடகத்துக்கு வேர் இங்கே இருக்கிறது என்று உணர்ந்து 1977-இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியது நம் நாடக வரலாற்றின் திருப்பம். ஆனால் அந்தப் பரம்பரையின் வலிமை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண்ணப்பத் தம்பிரானுக்குப் பின் அடுத்த தலைமுறை வந்தது, வெளியாட்கள் வந்து கற்றார்கள், பிரெக்டையும் மார்க்கேஸையும்கூடக் கூத்தாக ஆடினார்கள். புதிய ஆளையும் புதிய கூத்தையும் ஒருசேர ஏற்றுக்கொண்டதால்தான் அந்தப் பெயர் நின்றது. புரிசை என் வாதத்துக்கே சான்றாகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: எல்லா இடத்தையும் யாராலும் நிரப்பிவிட முடியாது. இதை நான் ஒப்புக்கொள்கிறேன். வேடக்காரரை மாற்றலாம், ஆட்டத்தை நடத்தும் மத்தளக்காரரை அவ்வளவு எளிதாக மாற்ற முடியாது. முகவீணைக்காரரை மாற்றவே முடியாது, ஏனென்றால் மாற்றுக்கு ஆளே அரிதாகிவிட்டது. ஆர்மோனியம் சுருதிக்கு உதவும். பாட்டின் ஊடே முகவீணை இழைத்துத் தரும் அழுகையை ஆர்மோனியக் கட்டை தராது. தெற்கத்திப் பாணிக்கென்று உள்ள பாட்டு நடையும் அடவும், நல்ல வாத்தியார் ஒருவர் மாணவர் இல்லாமல் மறையும்போது உண்மையிலேயே குறைகின்றன. ஆனால் இந்த இழப்புகள் அனைத்தும் ஆள் வராமையால் நேர்ந்தவை. வந்து போவதும் பழகி நகர்வதும் இருந்த காலத்தில் முகவீணைக்கும் ஆள் இருந்தது. இரவும் கூலியும் குறைந்தபின் புதியவர் வராமல் போனார்கள்.

மூன்றாவதாக, சினிமாவும் தொலைக்காட்சியும் வந்தபின் மக்களின் ரசனையே மாறிவிட்டது, யாருக்கும் வேண்டாத கூத்தை யாருக்காக ஆடுவது என்று கேட்கிறார்கள். ரசனை மாறியது உண்மை. ஆனால் எந்தக் கூத்து என்று முடிவு செய்வது பார்ப்பவர்களா? தாம்பூலம் கொடுக்கும்போது விழாக் குழுவின் நான்கைந்து பேர் முடிவு செய்கிறார்கள். ஊர் அதைப் பார்க்கிறது. குறவஞ்சியைக் கண்ணால் காணாத தலைமுறை அதை வேண்டாம் என்று சொன்னதாகக் கணக்கெழுதுவது நியாயமாகாது. முரளி மனோகர் இயக்கி, எஸ். ராமகிருஷ்ணன் எழுதிய 'கர்ண மோட்சம்' குறும்படம் 2008-இல் வந்தபோது, கூத்தே பார்த்திராத நகரத்து இளைஞர்கள் அதைக் கொண்டாடினார்கள். அதற்குத் தேசிய விருதும் கிடைத்தது. பார்க்கக் கிடைத்தால் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதற்கு அது போதும்.

ஆள் வராமைக்கு இந்த மாவட்டத்தின் பொருளாதாரமும் காரணம். கல்வராயன் மலை மூன்று ஜாகீர்களின் கையில் இருந்து 1976-இல்தான் அரசுக்கு வந்தது. வெள்ளிமலையைச் சுற்றிய மலையாளிப் பழங்குடிகள் இன்றும் ஆண்டின் சில மாதங்கள் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்கு இறங்குகிறார்கள். அடிவாரத்தில் கோமுகி பாயும் ஊர்களில் கரும்பு வெட்டும், பெங்களூர்க் கட்டட வேலையும் இளைஞர்களை அழைக்கின்றன. கூத்தாடுகிறவர்களும் இதே உழவு, கூலிக் குடும்பங்களிலிருந்து வருபவர்கள்தான். வன்னியர், பட்டியல் சாதியினர், வண்ணார் எனப் பல சாதியாரும் இத்தொழிலில் இருந்திருக்கிறார்கள். 2020-இன் முழு அடைப்பு பங்குனி, சித்திரை விழாக்களை நிறுத்தியபோது முன்பணம் வாங்கியவருக்குக் கடனும் கொடுத்தவருக்கு நட்டமும் மிஞ்சின. அத்தகைய ஆண்டுக்குப்பின் கட்டையைத் திரும்பக் கட்ட வருபவரை வரவேற்க வேண்டுமே தவிர, பழைய ஆள் இல்லையே என்று முகம் சுளிக்கக் கூடாது. புதிய ஆள் என்பதில் பெண்களும் அடங்குவர். ஆண்களே பெண் வேடம் கட்டிய மரபில், காஞ்சிபுரம் பக்கத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் பெண் பிள்ளைகளுக்கும் ஆட்டம் கற்பித்தது. அவர்கள் துரியோதனனாகவும் பீமனாகவும் களரியில் நின்றார்கள். மரபு குலைந்துவிடவில்லை. கட்டைக்குக் கீழே யார் இருக்கிறார் என்று கூத்து என்றைக்கும் கேட்டதில்லை.

இந்த மாவட்டத்து விழாக் குழுக்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வரும் மாசியிலோ பங்குனியிலோ ஜமாவுக்குத் தாம்பூலம் கொடுக்கும்போது, துகிலும் தபசும் பதினெட்டாம் போரும் இருக்கட்டும். அவற்றோடு ஓர் இரவைக் கூட்டி, உங்கள் வாத்தியாருக்குத் தெரிந்து நெடுநாள் ஆடாமல் கிடக்கும் கூத்து எது என்று கேட்டு அதை ஆடச் சொல்லுங்கள். அந்த இரவுக்கான கூலியைத் தனியாகக் கொடுங்கள், ஜமாவின் இளைய ஆட்களுக்கு அதில் வேடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஆள் இனியும் மாறுவார்கள், மாறத்தான் வேண்டும். அவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போக முழுப் பாரதமும் இருக்கிறதா, நான்கு கூத்து மட்டும் இருக்கிறதா என்பது தாம்பூலத் தட்டு நீட்டும் உங்கள் முடிவில்தான் இருக்கிறது.